குளம், ஏரி, கழிமுகம்: தென்சென்னையின் மூன்று ஊர்கள்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு தெரு இருக்கிறது. அங்கே எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. பெயரில் ஏரிக்கரை, பக்கத்தில் ஏரி இல்லை. அதற்கு அருகில் 'லேக் ஏரியா' என்று ஒரு குடியிருப்பு. அங்கே வசிப்பவர்கள் விலாசத்தில் மட்டும் ஏரியை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு நடந்தால், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஒரு பெரிய நீர்ப்பரப்பின் ஓரம் பிடிபடும். ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி என்று இரண்டு ஏரிகள் சேர்ந்த நீட்சி அது. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை சென்னை நகரத்தின் மேற்கு எல்லையே அந்த ஏரிதான்.

ஒரு நகரத்தை அறிமுகப்படுத்தப் பரப்பளவு, மக்கள்தொகை, தொழில், போக்குவரத்து என்று ஒரு பட்டியல்முறை உண்டு. தென்சென்னை அந்தப் பட்டியலுக்குள் அடங்காது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று வேறுவேறு காலத்தில் பிறந்த மூன்று ஊர்கள் இங்கே சில கிலோமீட்டருக்குள் நெருங்கி நிற்கின்றன. முதலாவது கோயிலைச் சுற்றி வளர்ந்தது. இரண்டாவது சர்க்கார் வரைபடத்தில் பிறந்தது. மூன்றாவது தோட்டங்களும் குப்பங்களும் நிறுவனங்களும் பக்கம் பக்கமாக உட்கார்ந்ததில் உருவானது. மூன்றையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: தன்னிடமிருந்த நீர்நிலையை ஒவ்வொரு ஊரும் என்ன செய்தது?

மயிலாப்பூர் குளத்தை வைத்துக்கொண்டது. தியாகராய நகர் ஏரியைத் தூர்த்து அதன்மேல் எழுந்தது. அடையாறு தன் கழிமுகத்தைப் பாதி விட்டுவைத்தது, பாதி விழுங்கியது. பக்தி, பேராசை, இயற்கைப் பற்று என்று மூன்று சொற்களில் காரணம் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைகூட இல்லை. ஒரு நீர்நிலைக்கு ஊரில் ஏதாவது வேலை இருக்கும்வரை அது பிழைக்கிறது. வேலை போனதும் மனையாகிறது. இந்த மூன்று ஊர்களின் கதையும் சொல்வது இதைத்தான்.

மயிலை: குளத்துக்கு ஒரு வேலை

மயிலாப்பூர் சென்னையைவிட மூத்தது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்ட இடம் வாங்கியபோதே இது பல நூற்றாண்டு கண்ட கடற்கரைப் பட்டினம். 2ஆம் நூற்றாண்டில் தாலமி குறித்துவைத்த 'மலியார்பா' இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இங்கே பாடிய பூம்பாவைப் பதிகத்தை ஊரின் திருவிழா நாட்காட்டி என்றே சொல்லலாம். ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வரிசையாக விழாக்கள் அதில் வருகின்றன. பேயாழ்வார் பிறந்ததாகக் கருதப்படும் கிணறும் இவ்வூரில்தான் இருக்கிறது. மயிலையின் பக்தி மரபில் கடல், குளம், கிணறு மூன்றுக்கும் இடம் உண்டு.

இன்று நாம் பார்க்கிற கபாலீசுவரர் கோயில் சம்பந்தர் பார்த்த கோயில் அன்று. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதருக்கும் மயிலை கடலலை அருகில் மோதுகிற ஊர். 1520களில் போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறினார்கள். கரையோரத்தில் இருந்த பழைய கோயில் அதன்பிறகு அழிந்தது என்றும், இப்போதைய கோயில் ஊருக்குள் தள்ளிக் கட்டப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். சாந்தோம் தேவாலயப் பகுதியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. சாந்தோம் 1749இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வெள்ளைக் கூம்புக் கோபுரத்தோடு நிற்கும் தேவாலயம் 1896இல் கட்டி முடிந்தது. கபாலி கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் எழுந்தது 1906இல். 'பழைய' மயிலாப்பூர் என்று நாம் படம் பிடிக்கிற இரண்டு கோபுரங்களுக்கும் வயது ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான்.

கோயில் இடம் மாறினாலும் அதனோடு குளம் வந்தாக வேண்டும். கபாலீசுவரர் மேற்கு நோக்கி இருப்பவர். குளம் அவருக்கு நேரெதிரே இருக்கிறது. அந்த நிலத்தை ஆற்காடு நவாபு கொடுத்தார் என்பதும், மொகரம் நாளில் முஸ்லிம்கள் இந்தக் குளத்தைப் பயன்படுத்துவது அந்தக் கொடையின் நினைவாக என்பதும் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவுகள் தெப்பம். கரையில் நின்று வடம் பிடிப்பவர்கள் இழுக்க, விளக்குகளோடு மிதவை குளத்தைச் சுற்றிவரும். குளத்தின் வேலை அதுதான். வருஷத்தில் மூன்று இரவுக்கான வேலைதான். ஆனால் அந்த மூன்று இரவுக்காக மீதி நாள்களிலும் குளம் குளமாகவே இருந்தாக வேண்டும்.

குளத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் இருந்தது. மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் எல்லாம் கடல் ஒதுக்கிய மணல்மேட்டில் அமைந்தவை. மணல் மழையைக் குடித்துவிடும். மாடவீதி வீடுகளின் கிணறுகளும் கோயில் குளமும் தரைக்குக் கீழே ஒரே நீரைப் பகிர்ந்துகொண்டன. குளம் நிறைந்தால் கிணறு நிறையும்; கிணற்றில் அளவாக இறைத்தால் குளமும் தங்கும். ஊரே ஒரு பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்த ஏற்பாடு என்று சொல்லலாம்.

இந்தக் குளத்தைச் சுற்றியே நவீன மயிலாப்பூரும் எழுந்தது. உயர்நீதிமன்றத்தில் பேர்பெற்ற வக்கீல்கள் லஸ் பக்கம் பங்களாக்கள் கட்டினார்கள். சிறுகச் சேமிக்கிறவர்களுக்காக மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கியது. விவேகானந்தரின் சகோதரத் துறவியான ராமகிருஷ்ணானந்தர் 1897இல் சென்னை வந்து ராமகிருஷ்ண மடத்துக்கு அடிபோட்டார். வி. கிருஷ்ணசாமி ஐயர் 1906இல் சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவினார். அதே ஆண்டு அர்பத்நாட் கம்பெனி திவாலாகிப் பலருடைய சேமிப்பு கரைந்தது. அந்த அடியிலிருந்து 1907இல் இந்தியன் வங்கி பிறந்தபோது முன்னால் நின்றவர்களில் கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். ஃபண்டு, மடம், கல்லூரி, வங்கி, பிறகு சபா. பொதுவாக ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு ஒரு நிர்வாகக் குழு அமைத்து, வருஷா வருஷம் நடத்திக்கொண்டு போவதில் மயிலாப்பூர் கைதேர்ந்தது. அந்தக் குழுக்களில் யார் உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்ற சாதிக் கணக்கும் இந்த வரலாற்றின் பகுதிதான். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான் அடுத்த ஊரைக் கட்டினார்கள்.

மாம்பலம்: வேலையிழந்த ஏரி

தொண்டைமண்டலத்து ஏரி இயற்கையாக அமைந்த பள்ளம் அல்ல. சரிவான நிலத்தில் ஒரு பக்கம் மண்கரை எழுப்பி, ஓடிவரும் மழையை நிறுத்திவைக்கிற கட்டுமானம் அது. கரை, பாசனத்துக்கு மதகு, மிகையான நீர் வழிந்தோடக் கலங்கல், கீழே ஆயக்கட்டு. ஏரியைத் தூர்வாருவதும் கரையைக் காப்பதும் அந்த ஆயக்கட்டில் நெல் விளைவிக்கும் ஊராரின் கடமை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

லாங் டேங்க்கும் அப்படிப்பட்டதுதான். ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி மவுண்ட் ரோடு போனது. 1726இல் அர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டினார். அதை 'மார்மலாங்' பாலம் என்றார்கள். மாம்பலம் என்ற பெயர் ஆங்கில நாக்கில் பட்ட பாடு அது. பாலமும் சாலையும் வந்தபின், கரைக்குக் கிழக்கே இருந்த வயல்கள் ஒவ்வொன்றாகத் தோட்ட பங்களாக்களாயின. ஆயக்கட்டு சுருங்கியது, மதகைத் திறக்கச் சொல்லி நிற்க உழவர் இல்லாமல் போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெட்ராஸ் போட் கிளப்பின் வெள்ளைக்கார உறுப்பினர்கள் இங்கே துடுப்புப் போட்டி நடத்தினார்கள். நெல்லுக்கு நீர் கொடுத்த ஏரி துரைமார்களின் பொழுதுபோக்காக மாறியதே அதன் வேலை முடிந்ததற்கு அடையாளம்.

1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இறுதியில், பிராமணரல்லாதாருக்காகக் குரல் கொடுத்த நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. நகரத்துக்குள் வீட்டுக்கு இடமில்லை; மேற்கே பயிருக்கு உதவாத பெரிய ஏரி, கோடையில் வற்றிச் சேறாகி, கொசு வளர்த்துக்கொண்டிருந்தது. 1920களின் முதல் பாதியில் ஏரியின் தென்பகுதியை வடித்து, நிரப்பி, மனை பிரித்தார்கள். 1925இல் காலமான சர் பிட்டி தியாகராய செட்டியின் பெயர் புது ஊருக்கு வைக்கப்பட்டது. நடுவில் ஒரு பூங்கா. அன்றைய முதல் மந்திரி பனகல் அரசர் பெயரில். அதைச் சுற்றிப் பிரிந்த சாலைகள் கட்சியின் உறுப்பினர் பட்டியல்போல இருக்கும். உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, ஜி.என். செட்டி சாலை, நடேசன் பூங்கா, பின்னாளில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரிலிருந்து வந்த பாண்டி பஜார்.

இந்தப் பெயர் வரிசைக்குப் பொருள் உண்டு. மயிலாப்பூரில் தெருப் பெயர்கள் கோயிலிலிருந்து கிளம்புகின்றன: வடக்கு மாடவீதி, தெற்கு மாடவீதி. அங்கே யார் எங்கே குடியிருக்கலாம் என்பதைப் பழக்கம் முடிவுசெய்தது. தியாகராய நகரில் மனையைப் பணம் கட்டி வாங்கலாம். பிராமணரல்லாதார் அறிக்கையில் கையெழுத்திட்டவரின் பெயரால் அமைந்த ஊருக்கு நடுவில் கோயில் இல்லை, பூங்கா இருந்தது. ஏரியைத் தூர்த்ததைக் குறைசொல்லும்போது இதை மறந்துவிடக் கூடாது. அந்தக் காலத்துக்கு அது ஒரு சமூகத் திறப்பு. நல்லி சின்னசாமி செட்டி 1928இல் இங்கே பட்டுக்கடை போட்டார். தென்னிந்திய இந்திப் பிரச்சார சபா 1930களில் இங்கே வந்தது; திராவிட இயக்கத்து முன்னோடிகளின் பெயர் சூட்டிய தெருக்களில் இந்தி வகுப்பு நடந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் நிலையம் ஊரின் வாசலானது. காமராசர் திருமலைப்பிள்ளை சாலையில் வாடகை வீட்டில் வாழ்ந்தார். கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களுக்குப் பக்கம் என்பதால் சினிமாக்காரர்கள் குடிவந்தார்கள். ரங்கநாதன் தெரு, ரயிலிலிருந்து இறங்கும் கூட்டத்தை அப்படியே கடைகளுக்குள் ஊற்றுகிற புனல் ஆயிற்று. 2023இல் திறந்த ஆகாய நடைபாதை 570 மீட்டர் நீளத்தில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து அந்தக் கூட்டத்தைத் தரைக்கு மேலே கொண்டுபோகிறது.

ஏரியை விட்டுவைக்க அன்று யாரும் வாதாடவில்லையா? ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ் 1914–15இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகரமைப்பு அறிக்கைகள் எழுதினார். குளங்களைத் தூர்க்கும் மோகத்தை அவர் எதிர்த்தார். குளம் ஊரைக் குளிர்விக்கிறது, பெருமழையைத் தாங்கிக்கொள்கிறது. கொசுதான் பிரச்சினை என்றால் மீனும் வாத்தும் விடுங்கள் என்பது அவர் கட்சி. அதாவது, விவசாயம் போனாலும் நீர்நிலைக்கு வேறு வேலைகள் இருக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். வீட்டுமனைக்கு இருந்த பசியின் முன் அந்த வாதம் எடுபடவில்லை. தெற்கே நந்தனமும் சி.ஐ.டி. நகரும் வளர்ந்தன. வடக்கே எஞ்சியிருந்த நுங்கம்பாக்கம் ஏரித் துண்டின்மேல் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. திருவாரூர்த் தேர்போலச் செதுக்கிய கல்தேர், ஏரித் தரையில் நகராமல் நிற்கிறது.

ஏரி போனாலும் அதன் வடிகால் போகவில்லை. நுங்கம்பாக்கம் பக்கமிருந்து தியாகராய நகர் வழியாக ஓடி நந்தனம் அருகே அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய்தான் அந்தப் பெரிய நீர்ப்பரப்பின் கடைசி வாரிசு.

அடையாறு: யாருக்கும் முழுதாகச் சொந்தமில்லாத நீர்

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடும் சிறிய ஆறு. கோடையில் அதில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர். கடல்நீரோட்டம் கரையோரமாக வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போவதால் முகத்துவாரத்தில் மணல்திட்டு விழுந்து வாய் அடைபடும். மழைக்காலத்து வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும். உப்பும் நன்னீரும் மாறி மாறி வருகிற இடத்தில் நெல் விளையாது. அஸ்திவாரமும் எளிதில் நிற்காது. கழிமுகத்தை முதலில் காப்பாற்றியது யாருடைய நல்லெண்ணமும் அன்று, சேறுதான்.

அடுத்து அதைக் காப்பாற்றியது ஒரு வேலி. 1882 டிசம்பரில் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் தாங்கள் நிறுவிய தியசாபிகல் சொசைட்டியின் தலைமையகத்தை ஆற்றின் தென்கரையில் 27 ஏக்கர் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது சுமார் 260 ஏக்கர். அங்கே 1886இல் அடையாறு நூலகம் தொடங்கியது. 1909இல் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவன் சொசைட்டியின் கண்ணில் பட்டது இந்தக் கடற்கரையில்தான். 1917இல் இந்திய மாதர் சங்கம் இங்கே உருவானது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லமும், 1954இல் அவர் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையும் அடையாற்றுக்கு வந்தன. மயிலாப்பூரின் நிறுவனங்கள் ஊருக்குள்ளிருந்து முளைத்தவை. அடையாற்றின் நிறுவனங்கள் இடம் தேடி வந்தவை. நகரத்தில் பொருந்தாத யோசனைகளுக்கு ஆற்றுக்கு அப்பால் இடம் கிடைத்தது.

சொசைட்டி வளாகத்தின் பிரபலமான ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்தது, விழுதுகள் நிற்கின்றன. அந்தக் காடும் கழிமுகத்தின் தென்கரையும் இன்றுவரை கட்டடமாகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அதற்கு விற்க விருப்பமில்லாத ஒரு சொந்தக்காரர் இருப்பது.

வடகரைக்கு அப்படி யாரும் இல்லை. சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பு கழிமுகத்துக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் அதுவும் ஒன்று. உப்பங்கழி சுற்றிவளைத்த தீவுத்திட்டில் எம்.ஆர்.சி. நகர் மாடிகள் எழுந்தன. கழியின் மேல்முனை கட்டட இடிபாட்டைக் கொட்டும் இடமானது. அதில் 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, அலையாத்திச் செடிகளை நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். நீர் இங்கே ஒரு வேலையைத் திரும்பப் பெற்றது. மீனுக்கும் பறவைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குமான வேலை. மீனவர் கட்டுமரத்துக்கு அங்கே இடம் உண்டா என்ற கேள்வி வேலிக்கு வெளியே நிற்கிறது.

ஆற்றின் தென்கரையில் சொசைட்டிக்கு அப்பால் வளர்ந்த காந்தி நகர், கஸ்தூரிபா நகர், சாஸ்திரி நகர், பெசன்ட் நகர் எல்லாம் விடுதலைக்குப் பிந்திய மனைப்பிரிவுகள். அவற்றின் ஓரத்தில் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் அவற்றுக்கு முன்பிருந்தே இருக்கின்றன. பழைய எல்பின்ஸ்டன் பாலத்துக்குப் பக்கத்தில் 1973இல் திரு.வி.க. பாலம் வந்தபின் தென்கரை நகரத்தின் தொலைவான மூலையாக இல்லை. முகத்துவாரத்தில் கட்டிய இன்னொரு சிறு பாலம் 1977இல் உடைந்தது. உடைந்த பாலம் என்றே அதற்குப் பெயர். சினிமாக்காரர்களும் புகைப்படக்காரர்களும் தவிர அதன்மேல் யாரும் எங்கும் போவதில்லை.

மணலும் களிமண்ணும்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 140 செ.மீ. மழை பெய்கிறது. குறைவான மழை அல்ல. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சில நாள்களில், சில மணி நேரங்களில் கொட்டிவிடும். மீதி ஒன்பது மாதத்துக்கு அதை எங்கே வைப்பது என்பதே இந்த மண்ணின் பழைய கேள்வி. ஏரியும் குளமும் அதற்குக் கிடைத்த பழைய விடை.

மூன்று ஊர்களிலும் மழை ஒன்றுதான், தரை வேறு. மயிலையும் பெசன்ட் நகரும் மணல். பெய்தது இறங்கும், இறங்கியதைப் போர்வெல் உறிஞ்சிவிடும். அடுக்குமாடிகள் வந்து, பழைய கிணறுகள் போய், ஆழ்குழாய்கள் இறங்கியபோது பொதுப்பானை காலியானது; கோயில் குளம் வறண்டு தரை தெரிந்த ஆண்டுகள் வந்தன. குளத்தின் திருவிழா வேலை அதைக் கட்டடமாகாமல் காத்ததே தவிர, அதில் தண்ணீர் நிற்பதற்கு உத்தரவாதம் தரவில்லை. 2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்கு முந்தைய ஆண்டே மந்தைவெளிப்பாக்கத்தில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழைநீர் மையம் திறந்து, மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்புவது எப்படி என்று வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டியது. மணல் ஊரில் இந்த ஏற்பாடு உடனே பலன் தரும். கிணற்றில் நீர் ஏறுவதைக் கயிறு போட்டே அளந்துவிடலாம்.

தியாகராய நகர் களிமண். நூற்றாண்டுகளாக ஏரியில் படிந்த வண்டல்மேல் கான்கிரீட் போட்ட ஊர். அங்கே மழை இறங்காது, நிற்கும். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கிய செய்தி இல்லாத வடகிழக்குப் பருவமழை அரிது. 2021 நவம்பரில் நகரின் மிக விலையுயர்ந்த கடைவீதிகளில் ஒன்று நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. மாம்பலம் கால்வாயில் குவிந்திருந்த கட்டுமான இடிபாடுகள் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டன. இரண்டே ஆண்டுக்கு முன், 2019இல், அதே பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்திருந்தார்கள். மேலே நடக்க அருமையான இடம். கீழே நீர் நடக்கத்தான் இடமில்லை.

அடையாறு இரண்டுக்கும் கீழே இருக்கிறது. இரண்டின் கணக்கும் அதன் தலையில் விடிகிறது. 1976இல் கோட்டூர்புரம் மூழ்கியது. 2015 டிசம்பர் 1–2இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. வழியிலிருந்த சிற்றேரிகளின் உபரியும் சேர்ந்துகொள்ள, சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் ஒரே ராத்திரியில் ஆறாயின. பிறகு கரையோரக் குடிசைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைவான அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். ஆற்றின் ஓரத்தில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார். ஏரியின் நடுவில் மனை வாங்கியவர் பட்டாதாரராகவே இருக்கிறார். நான்கே ஆண்டு கழித்து, 2019 கோடையில், நகருக்குக் குடிநீர் தரும் நான்கு நீர்த்தேக்கங்களும் வறண்டன. வெள்ளத்தில் படகு வந்த தெருக்களில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டியது.

பக்கிங்ஹாம் கால்வாயையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டும். 1876–78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்ட பகுதிதான் மயிலாப்பூரின் ஓரமாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது. விறகும் உப்பும் படகில் வந்த காலம்வரை அது பிழைத்தது. லாரி வந்ததும் வேலை போயிற்று. 1990களில் பறக்கும் ரயிலுக்கு நிலம் தேடியபோது காலியாகத் தெரிந்தது கால்வாய்தான். 1997இல் ரயில் திருமயிலை நிலையம் வந்தபோது தூண்கள் தண்ணீருக்குள் நின்றன.

யானகவாவின் ஓடைகள்

வேலை போன நீரை என்ன செய்வது என்ற சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் நாம் அல்ல. ஜப்பானின் கியூஷு தீவில், ஃபுகுவோகா மாநிலத்தில், அரியாகே கடலை ஒட்டி யானகவா என்றொரு சிறு நகரம் இருக்கிறது. தாழ்ந்த நிலம், மழைநீர் போக்கிடமின்றி நிற்கும் தரை, மழை இல்லாதபோது குடிநீர் கிடைக்காது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கோட்டை நகரம் அமைத்தவர்கள் ஊர் முழுக்க ஓடைகளை வெட்டி அதற்கு வழிசெய்தார்கள். அகழியும் பாசனமும் குடிநீரும் வெள்ளத் தாங்கியும் எல்லாமே அந்த ஓடைகள்தான்.

வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததும் ஓடைகளின் வேலை போனது. குப்பை சேர்ந்தது, கொசு வளர்ந்தது. 1977இல் அவற்றில் பலவற்றை மூடிச் சாக்கடையாக்க நகராட்சி திட்டம் வைத்திருந்தது. அந்தத் திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பில் அமர்ந்த ஹிரோமட்சு ட்சுதாயே என்ற ஊழியரே அதை எதிர்த்தார். ஓடைகளை மூடினால் தரை அமிழும், வெள்ளம் வரும் என்று மேயரிடம் வாதாடி அவகாசம் வாங்கினார். பிறகு தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுக் குடியிருப்பவர்களையே சேற்றில் இறக்கித் தூர்வாரவைத்தார். நம் குடிமராமத்தை ஜப்பானிய மொழியில் செய்தார் என்று சொல்லலாம். திரைப்பட இயக்குநர் இசாவ் தகஹாதா 1987இல் இதை ஆவணப்படமாக எடுத்தார். இன்று அங்கே சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஓடை நீரை வடித்துச் சுத்தம் செய்கிறார்கள்.

யானகவாவைப் பார்த்து நாமும் மாம்பலம் கால்வாயில் படகு விடலாம் என்பதல்ல இதன் பாடம். களிமண் கால்வாயில் கழிவுநீர் ஓடும்வரை அதில் படகு விட யாரும் வரமாட்டார்கள். ஹிரோமட்சு செய்தது வேறு. பழைய வேலை போன நீருக்கு அவர் மூன்று புது வேலைகளைத் தேடிக் கொடுத்தார்: வெள்ளத்தைத் தாங்குவது, தரையைத் தாங்குவது, ஊராரை ஆண்டுக்கொரு முறை ஒன்றாகச் சேற்றில் இறக்குவது. மூன்றாவதுதான் முதலிரண்டையும் நடக்கவைக்கிறது.

யார் பொறுப்பு

மயிலாப்பூர்க் குளத்துக்கு ஒரு கோயில் நிர்வாகம், ஒரு தெப்ப நாள், வடம் பிடிக்கச் சில நூறு கைகள் இருக்கின்றன. அடையாற்றுத் தென்கரைக்கு ஒரு சொசைட்டி இருக்கிறது. தொல்காப்பியப் பூங்காவுக்கு ஓர் அரசு அறக்கட்டளை இருக்கிறது. இவற்றில் எதுவும் குறையற்றதல்ல; எல்லாவற்றிலும் வேலிக்கு வெளியே நிற்பவர்கள் உண்டு. ஆனாலும் நீர் கெட்டால் போய்க் கேட்க ஒரு கதவு இருக்கிறது.

மாம்பலம் கால்வாய்க்கு அப்படி ஒரு கதவு இல்லை. சட்டப்படி அது மாநகராட்சிக்கு உரியதாக இருக்கலாம். ஆனால் அதன் ஓரத்தில் குடியிருப்பவர் எவரும் அதைத் தன்னுடையது என்று சொல்லிக் கேட்டதில்லை. கடைக்காரர்களின் பின்சுவர் அதைப் பார்த்தபடி இருக்கிறது, வாசல் இல்லை. ஏரியைத் தூர்த்தவர்கள் வீடு வேண்டியவர்களுக்கு வீடு தந்தார்கள். அந்தக் காலத்தின் நியாயம் அதில் இருந்தது. வீடு வாங்கியவர்கள் ஏரியோடு சேர்த்து ஏரியின் வடிகாலையும் வாங்கியிருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் பத்திரத்தில் எழுதவில்லை.

பனகல் பூங்காவைச் சுற்றி அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்க வரும் கூட்டத்தை ஊரே நாள் குறித்து எதிர்பார்க்கிறது. ஐப்பசி பிறப்பதற்கு முன் கால்வாயைத் தூர்வாரவும் அப்படி ஒரு நாள் குறிக்கலாம். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு தெரு, கடைக்கு ஒரு தெரு என்று பங்கு பிரித்து, மாநகராட்சி இயந்திரம் தர, தெருக்காரர்கள் முன்னால் நின்று தூர்வாருவது. தெப்பத்துக்கு வடம் பிடிப்பதைவிட அது கடினமான வேலையல்ல. ரங்கநாதன் தெருவின் கூட்டத்தை நிர்வகிக்கத் தெரிந்த ஊருக்கு ஒரு கால்வாயை நிர்வகிக்கவும் தெரியும்.